கிளிட்டஸின் இடது கை

கிளிட்டஸ் யாருக்கும் எதையும் இடது கையால் கொடுத்து நான் பார்த்ததில்லை. டீ கிளாஸ், பஸ் டிக்கெட், டி.வி. ரிமோட், எதுவானாலும் வலது கைதான் நீளும். இடது கை வலது முழங்கையை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். அஜ்மானில் எங்கள் ரூமில் மூன்று பேர். ரிமோட் வேண்டுமென்றால் ஒருவன் எறிவான், மற்றவன் பிடிப்பான். அதைக் கோயில் பிரசாதம் மாதிரி நீட்டுகிற ஆள் அவன் ஒருவன்தான்.

கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரைக்காரன். அப்பாவுக்குக் கட்டுமரம். இவன் பிளஸ் டூ முடித்ததும் கடலுக்குப் போகாமல் நாகர்கோவில் கல்யாண மண்டபங்களில் பரிமாறப் போனான். பந்தியில் இடது கை வாளியைத் தூக்கும், வலது கை கரண்டியைப் பிடிக்கும். சுமப்பது ஒன்று, கொடுப்பது ஒன்று. அந்தப் பாடம் உடம்பில் ஊறிய பிறகு, இரண்டாயிரத்து மூன்றில் துபாய்க்கு வந்து ஒரு பெரிய ஹோட்டலின் விருந்து ஹாலில் வெயிட்டர் ஆனான். இருநூறு பேர் நிற்கிற ஹாலில் கண்ணாடி டம்ளர் அடுக்கிய தட்டோடு யார் தோளிலும் உரசாமல் போய்வருவான். ஆறு வருடத்தில் ஒரு டம்ளர் உடைத்ததில்லை என்பது அவன் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை.

இரண்டாயிரத்து ஒன்பதில், உலகப் பொருளாதாரச் சரிவில், துபாயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. விருந்துகள் நின்றன. விருந்து இல்லாத ஹாலுக்கு வெயிட்டர் எதற்கு? பிப்ரவரி கடைசியில் ஹோட்டலில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். இருபத்திரண்டு பெயர். பதினோராவது பெயர் கிளிட்டஸ். மார்ச் முப்பத்தொன்றோடு விசா கேன்சல். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊர்தான். ஊருக்குப் போனால் அப்பாவின் கட்டுமரம்தான்.

ஒரு வாரம் அலைந்துவிட்டு ஒரு சாயங்காலம் வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"மக்கா, ஒரு வேல கெடக்கு. கப்பல்ல."

"கப்பல்ல வெயிட்டரா?"

"இல்லடே. கேசினோவுல சீட்டு போடுத வேல."

மேல் பெர்த்தில் படுத்திருந்த கௌஸ் முகைதீன் பாய் சடாரென்று எழுந்து தலையைச் சீலிங்கில் இடித்துக்கொண்டார். கீழக்கரைக்காரர். கார் பாகங்கள் விற்கிற கடையில் ஸ்டோர்கீப்பர். பார்த்தவுடன் எந்த போல்ட் எந்த வண்டிக்கு என்று சொல்கிற கண்.

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! சூதாட்டக் கூடத்துலயா? உனக்கு வேற வேலையே கெடைக்கலயா?"

"நா ஆட மாட்டேம் பாய். ஆடுகவங்களுக்கு சீட்டு வெளம்பணும், அவ்வளவுதான். அங்க வேல செய்யவன் ஆடவே கூடாதுன்னு சட்டம்."

"பாயசம் வெளம்புற மாதிரியே பேசுறான் பாரு."

கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிற, துபாய் டெய்ராவில் இருந்த ஒரு ஏஜென்சி அவனிடம் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தது. கப்பலில் முதல்முதலாக ஆட வரும் பயணிகளுக்காக அச்சடித்தது. கேசினோவில் புழங்கும் சொற்களும் அவற்றின் அர்த்தமும், பின்னால் ஏஜென்சி சேர்த்துக் குத்திய, சீட்டு போடுபவருக்கான விதிகளும். இதை மனப்பாடம் செய், மூன்று வாரம் கழித்து மேஜைப் பரீட்சை என்று சொல்லியிருந்தார்கள். இந்த நாட்டில் சூதாட்டத்துக்கு இடமில்லை. அதனால் பரீட்சைகூடக் காசு மதிப்பில்லாத பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து, ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் என்றான்.

புத்தகம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் எது வந்தாலும் எங்கள் ரூமில் அது என் கைக்குத்தான் வரும். நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, பி.எஸ்ஸி. கணிதம். லேபர் கார்டு முதல் இருமல் மருந்துச் சீட்டு வரை படித்துச் சொல்லியிருக்கிறேன். சூதாட்டப் புத்தகம் வருமென்று மட்டும் எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை.

பாய் ஒரு வழியாக இறங்கி வந்தார். ஆனால் நிபந்தனை போட்டார்.

"ரூமுக்குள்ள காசு வெளிய வரக் கூடாது. ஒரு ஃபில்ஸ் வந்தாலும் சீட்டுக் கட்டைத் தூக்கி வெளிய எறிஞ்சிருவேன். தண்ணி பாட்டில் மூடிய வச்சுப் பழகிக்க. நான் ஆட மாட்டேன்."

"வேண்டாம் பாய். நீங்க இருந்தாலே போதும்."

பச்சைப் போர்வையைக் கட்டிலில் விரித்தோம். அதுதான் மேஜை. அவன் சுவர்ப் பக்கம், நான் இந்தப் பக்கம், அவனுக்கு இடது கைப்புறம்.

ஆட்டத்தின் பெயர் பிளாக்ஜாக். சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டக் கூடாது. இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் 'ஹிட்'. போதுமென்றால் 'ஸ்டாண்ட்'. தாண்டிவிட்டால் 'பஸ்ட்', ஆள் காலி. சீட்டுகளை அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக உருவும் பெட்டிக்கு 'ஷூ'.

"செருப்புக்குள்ள இருந்தா சீட்ட எடுக்கணும்?" என்றான் கிளிட்டஸ்.

"வெள்ளைக்காரன் எதுக்கு எந்தப் பேரு வைப்பான்னு யாருக்குடா தெரியும்? படி."

எங்களுக்கு அந்தப் பெட்டி ஒரு பிஸ்கட் டப்பா.

வாயால் 'ஹிட்', 'ஸ்டாண்ட்' என்று சொன்னால் செல்லாது என்று புத்தகம் சொன்னது. விரலால் மேஜையைத் தட்டினால்தான் ஹிட். உள்ளங்கையைக் குறுக்கே வீசினால்தான் ஸ்டாண்ட். சீலிங்கில் கேமரா இருக்கும், அதற்குக் காது கிடையாது. நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

"இது ஆமாவா, இல்லையாடே? ஒனக்க தலையாட்டல எந்தக் கேமராவுக்கும் புரியாது."

அந்தக் கேமராவுக்கும் ஒரு செல்லப் பெயர் இருந்தது. வானத்துக் கண் என்று அர்த்தம். நான் அதைப் படித்துச் சொல்லி முடிக்கவில்லை, மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"இடது கையப் பாரு. தூங்குது."

நிமிர்ந்து பார்த்தோம். பாய் குப்புறப் படுத்து, மெத்தை ஓரத்தில் தாடையை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஆடல. பாக்குறேன். அந்தப் புத்தகத்துல என்ன சொன்ன தம்பி? இடது கையால உருவணும், இடது பக்கத்து ஆளுக்கு இடது கையால குடுக்கணும். இவன் எல்லாத்தையும் வலது கையால குறுக்க போட்டுக் குடுக்குறான். நண்டு மாதிரி."

உண்மைதான். மேஜையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கையும் தனித்தனியே போக வேண்டும். ஒரு கை இன்னொன்றைத் தாண்டினால் சீட்டு மறையும், கேமராவுக்குத் தெரியாது. கிளிட்டஸின் இடது கையோ பெட்டியிலிருந்து சீட்டை உருவும். உருவியதும் வலது கைக்கு மாற்றிவிடும். வலது கைதான் என் முன்னால் வைக்கும். ஒரு சீட்டுக்கு இரண்டு பயணம். ஜெயித்தவனுக்கு மூடிகளைத் தள்ளும்போதும் அதே கதை. அதோடு இடது கை ஓடிப்போய் முழங்கையைத் தொட்டுக்கொள்ளும்.

"எப்படிடே பீச்சாங்கையால குடுக்கியது? மனுசன மதிக்காத மாதிரி இருக்காதா?"

"நீ என்ன சோறா போடுற? சீட்டு."

"சீட்டுன்னாலும் ஆளுக்குத்தான குடுக்கேன்."

முதல் வாரம் இந்த வழக்கிலேயே போனது. இரண்டாவது வாரம் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். கிளிட்டஸின் வலது கையில் தண்ணீர் நிரம்பிய சொம்பைக் கொடுத்து, "இதைக் கீழ வைக்காம ஆட்டத்தப் போடு" என்றார். இடது கைக்கு வேறு வழியில்லை. முதலில் கூச்சப்பட்டது. பிறகு சீட்டைக் கீழே போட்டது. போர்வை மூன்று தடவை நனைந்தது. வெள்ளிக்கிழமை காலையில், பாய் ஜும்ஆவுக்குக் குளித்துவிட்டு வரும்போது, இடது கை என் முன்னால் ஏழாம் நம்பர் சீட்டைத் தானாக வைத்தது. பாய் துண்டால் தலையைத் துவட்டியபடி, "ம்" என்றார்.

சொற்கள் சுலபமாக வந்தன. சூதாட்டக் கூடத்துக்கே 'வீடு' என்று பெயர். மேஜைகளை மேய்க்கிற மேஸ்திரி 'பிட் பாஸ்'. லட்சக்கணக்கில் கட்டுகிற பயணிக்குத் திமிங்கலம் என்று பெயர். ஒன்றும் தெரியாமல் வந்து தோற்கிற புது ஆளுக்கு மீன்.

கிளிட்டஸ் சீட்டைக் கீழே வைத்துவிட்டான். "மீனு வேண்டாம்னுதான் மக்கா நா கடலோரத்த விட்டே வந்தேம். இவனுவ கப்பல்ல ஏத்தி மறுபடியும் மீன் பிடிக்கவா கூப்பிடுதானுவ?"

இன்னொரு ஆட்டம், சுழல்கிற சக்கரம். முப்பத்தேழு குழி, அதில் ஒன்றில் உருண்டை விழும். உன் எண்ணில் விழுந்தால் கட்டியதோடு சேர்த்து முப்பத்தாறு மடங்கு திரும்பி வரும். நான் பேப்பரில் எழுதி விளக்கினேன். முப்பத்தேழு எண்ணிலும் ஒவ்வொன்று கட்டினால் முப்பத்தாறுதான் வரும், ஒன்று குறையும். அந்த ஒன்று வீட்டுக்கு. எத்தனை தடவை சுற்றினாலும் வீடு ஜெயிக்கும், ஆட வருபவன் தோற்பான். நிகழ்தகவுக் கணக்கை இவ்வளவு அழகாக நான் கல்லூரியில்கூட எழுதியதில்லை.

பாய் முழுவதும் கேட்டார். "ஆட வேணாம், தோத்துருவன்னு சொல்ற. இதத்தான் எங்க மார்க்கம் ஆயிரத்து நானூறு வருஷமா சொல்லுது. இதுக்கு எதுக்குத் தம்பி பி.எஸ்ஸி.?"

கிளிட்டஸ் சிரித்த சிரிப்பில் மூடிகள் கட்டிலுக்கு அடியில் ஓடின.

மார்ச் இருபத்தாறு, பரீட்சை. ஆட்டக்காரராக உட்கார ஆளுக்கொருவரைக் கூட்டிவரச் சொல்லியிருந்ததால் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். கிளிட்டஸையும் சேர்த்துப் பரீட்சைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். பிலிப்பினோக்கள், நேபாளிகள், ஒரு இலங்கைக்காரர், மலையாளிகள் இருவர். நடுவில் நிஜமான பச்சை மேஜை. பரீட்சை வைத்தது அறுபது வயதுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா. கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. சிரிக்கவே இல்லை. ஒவ்வொருவரையும் மற்றவர் கண்ணில் படாமல் தனியாகத்தான் அழைத்தார். கிளிட்டஸ் கடைசி.

அவன் மேஜைக்குப் பின்னால் போய் நின்றான். ஹோட்டலின் வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தான். அது இன்னும் ஐந்து நாளைக்குத்தான் அவனுடையது. அந்த அம்மா அவனுக்கு இடது ஓரத்தில், நான் வலது ஓரத்தில். ஷூவிலிருந்து இடது கை உருவியது, இடது பக்கம் வைத்தது. தயக்கமே இல்லை. நான் விரலால் தட்டினேன், சீட்டு வந்தது. இருபத்துநான்கு, பஸ்ட். என் வில்லைகளை அள்ளினான். அம்மா பத்தொன்பதில் கையை வீசினார், ஜெயித்தார். வில்லைகளை இடது கையாலேயே எண்ணித் தள்ளினான். எனக்குள் சொம்புத் தண்ணீர் சிந்தாமல் நின்றது மாதிரி ஒரு நிம்மதி.

அப்போது அந்த அம்மா பையிலிருந்து ஒரு விளையாட்டுப் பண நோட்டை எடுத்து, வில்லை வேண்டும் என்று அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

புத்தகத்தில் இதற்கும் விதி இருந்தது. ஆட வருபவரின் கையிலிருந்து பணத்தை வாங்கவே கூடாது. மேஜையில் வைக்கச் சொல்ல வேண்டும், கேமரா பார்த்த பிறகுதான் தொட வேண்டும். நாங்கள் படித்தோம். பழகவில்லை. பாய் காசைத் தடை செய்திருந்தாரே, மூடியை யார் நீட்டுவார்கள்?

கிளிட்டஸ் குனிந்து, இரண்டு கையாலும் அந்த நோட்டை வாங்கிக்கொண்டான். பெரியவர்கள் கொடுத்தால் எப்படி வாங்க வேண்டுமோ அப்படி.

வாங்கிய அடுத்த நொடி அவனுக்கே தெரிந்துவிட்டது. காது மடல் சிவந்தது. என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் ரூமில் தப்பு செய்தவன் ஒத்துக்கொள்வதில்லை, வாதாடுவான் என்பதுதான். மேஜையில் பொருத்தியிருந்த பணப் பெட்டியின் வாய் அவன் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நோட்டை உள்ளே தள்ளிவிட்டு வில்லையை எண்ணத் தொடங்கியிருந்தால் ஆட்டம் அப்படியே ஓடியிருக்கும்.

அவன் நோட்டை மேஜை நடுவில் விரித்து வைத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்துக் காட்டினான். பிறகு வெயிட்டர் குரலில், தெளிவாக, "ஃப்ளோர்!" என்று மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான்.

"என்ன விஷயம்?" என்றார் அந்த அம்மா ஆங்கிலத்தில்.

"கையிலிருந்து வாங்கிவிட்டேன் மேடம். தப்பு என்னுடையது."

"அதுவும் ஏன் இரண்டு கையால்?"

"நீங்கள் எனக்கு அம்மா மாதிரி. ஒரு கையால் வாங்கக் கூடாது."

"எனக்கு அவ்வளவு வயதா தெரிகிறது?"

அந்த ஒரு கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பிறகு கூப்பிட்டார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஒன்பது பேரிடமும் நோட்டை நீட்டினேன். எட்டுப் பேர் கையில்தான் வாங்கினார்கள். அதில் ஏழு பேர் சத்தமில்லாமல் பெட்டிக்குள் தள்ளிவிட்டார்கள். உனக்கு வேகம் போதாது. கூட்டும்போது உதடு அசைகிறது. ஆனால் உன் தப்பைக் கண்டுபிடிக்க நான் கேமராவைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் வாரம் சிங்கப்பூரில் கப்பல் ஏறு."

சொல்லிவிட்டு வேலைக் கடிதத்தை நீட்டினார். கிளிட்டஸின் இரண்டு கையும் பாதி உயர்ந்து அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டன. கடிதத்தைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான்.

"கடிதம்தானப்பா. வாங்கிக்கொள்ளலாம்" என்றார் அவர். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

கீழே தெருவுக்கு வந்ததும் பாய்க்குப் போன் போட்டான். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"பாய், கெடச்சாச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் பாய். பின்னால் கடையில் யாரோ டயர் உருட்டுகிற சத்தம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வேலைக்கு அல்லாஹ்வப் புகழ்ந்து இதச் சொல்லலாமான்னு தெரியலப்பா" என்றார். "நீ ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்ல பாரு, அதுக்குச் சொன்னேன்னு வச்சுக்க."