போட்டாச்சிக்கா

வேலை முடிந்தால் நேராக வீட்டுக்குப் போகிறவன் நான். இந்த ஒரு வாரமாக ஃபெரித்துறைப் பக்கம் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே உட்கார்ந்தாலும் இருப்புக் கொள்ளவில்லை. ஏன் தாமதம் என்று மனைவி கேட்டால், டாக்டர் நடக்கச் சொன்னார் என்கிறேன். அதுவும் பொய். பொய் எனக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலின் உணவகத்தில் நான் கேப்டன். கேப்டன் என்றால் கப்பலெல்லாம் கிடையாது. பரிமாறுகிறவர்களுக்குக் கொஞ்சம் மேலே, மேனேஜருக்கு ரொம்பக் கீழே. எங்கள் பில்லில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேரும். மாதக் கடைசியில் அதைப் பாயிண்ட் கணக்கில் எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அடிப்படைச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். மற்ற எல்லாவற்றுக்கும் பாயிண்ட்தான்.

அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்றியபோது எல்லாருக்கும் சந்தோஷம். மறுவாரமே மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். அடிப்படைச் சம்பளம் ஏறும், ஆனால் ஏறுகிற பணம் பாயிண்ட்டிலிருந்து வரும், இனிமேல் பாயிண்ட் தனியாகக் கிடையாது, சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை. தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் தமிழில் விளக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். கேப்டன் வேலை எனக்கு அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே நன்றாக ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன், அதுதான் கோளாறு. அடிப்படை ஏறுகிறது என்பதை உரக்கச் சொன்னேன். பாயிண்ட் நிற்கிறது என்பதை மேசைத் துணியின் ஓரத்தை மடிப்பதுபோல உள்ளே மடித்துச் சொன்னேன். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா பாகான் டாலாமிலிருந்து விடியற்காலை ஃபெரி ஏறி வருகிறவர். பதினாறு வருஷமாக அங்கே பரிமாறுகிறார். அவர் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். அக்கா தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நீ சைன் போட்டியா?"

"போட்டாச்சிக்கா."

"அப்ப சரி லா. ஒனக்குள்ளதுதானே எங்களுக்கும்."

நான் போடவில்லை. கேப்டன்களுக்கு அந்தத் தாளே கிடையாது. எங்கள் பாயிண்ட்டில் யாரும் கை வைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் என் வேலையும் நிரந்தரமானது.

டிசம்பரில் ஹோட்டல் நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசையைக்கூட விட்டுவிட்டு அக்கா வேலைக்கு வந்தார். முன்பெல்லாம் டிசம்பர் பாயிண்ட்டில்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவார். இந்த முறை பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் சாயங்காலம் பாத்திரம் கழுவப் போனார். என் சம்பளச் சீட்டை லாக்கருக்குள் தலையை விட்டுக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு எரிந்து விழுந்து, என் மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி அக்காவின் மேசையில் இருபது வெள்ளித் தாள் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். நம் ஊரில் டிப்ஸ் வைக்கிற பழக்கம் இல்லை, இப்படி எப்போதாவது வந்தால் உண்டு. அக்கா அதைக் கல்லாவில் மாற்றிக்கொண்டு, தட்டு அடுக்குகிற மூலைக்கு என்னைக் கூப்பிட்டார். ஒரு பத்து வெள்ளித் தாளை நீட்டினார்.

"இந்தா தம்பி, பாதி ஒனக்கு."

"எனக்கு எதுக்குக்கா? ஒங்க மேசைதானே?"

"பிடி லா. எனக்கே இந்த டிசம்பர் இவ்வளவு சூசாவா, கஷ்டமா இருந்திச்சி. ஒனக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைங்க. கேப்டனுக்குப் பாயிண்ட் கூடுதலா வரும், வெட்டுனதும் ஒனக்குத்தானே ஜாஸ்தி? தம்பி தனக்குன்னு ஒதுங்காம மொத ஆளா சைன் போட்டுச்சின்னு எல்லார்கிட்டயும் நாந்தான் சொல்றேன்."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நன்றி வேறு சொன்னேன். இப்படியும் ஒரு மனுஷனா என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அக்கா நாலரை மணி ஃபெரியில் திரும்புவார். அதனால்தான் துறைப் பக்கம் நடக்கிறேன். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று தினமும் வருகிறேன், வரிசையில் அவர் தலையைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய்விடுகிறேன். நேற்று அவரே என்னைப் பார்த்துவிட்டார். வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"நல்லவேளை, இங்கயே நிக்கிற. இன்னிக்கும் ஒரு மேசையில வச்சாங்க," என்று ஐந்து வெள்ளியை என் கையில் திணித்தார்.

ஃபெரி வந்துவிட்டது. அக்கா ஓடினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.