சேலம் – ஜேடர்பாளையம் – நாமக்கல்: பெட்ரோல் முள் பொய் சொல்கிறதா என்று பார்க்கப் போன 167 கிலோமீட்டர்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன பயணம் இது. ஊர் சுற்றிப் பார்க்கப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. என் காரின் பெட்ரோல் முள் சரியாகக் காட்டுகிறதா, கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நாளில் பதில் தெரிந்தாக வேண்டும் என்று கிளம்பினேன். பதில் தெரிந்துவிட்டது. கூடவே நான் கேட்காத இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்.

முதலில் காரைப் பற்றி. 2006 மாடல், ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர் எஞ்சின், கூரை திறக்கும், இரண்டே பேர்தான் உட்கார முடியும். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், பின்னூட்டத்தில் சண்டை வரும். சேலத்தில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு எதற்கு இந்த வண்டி என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதிகமாகக் கேட்டவர் என் வீட்டுக்காரர் தங்கவேல். லாரிக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் கடை அவருடையது. "பெட்ரோல் குடிச்சே நம்மள முடிச்சுப்போடும்" என்று என் நாத்தனார் வீட்டு விசேஷத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதே பந்தியில், இலைக்கு முன்னால், நானும் ஒரு வார்த்தை விட்டேன். மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பேன், சராசரி பத்துக்குக் கீழே வந்தால் மறுபேச்சில்லாமல் விற்றுவிடுவேன் என்றேன். நான் சொன்னால் செய்வேன் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேட்டுக்கொண்டிருந்த திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர், விற்பதாக இருந்தால் முதலில் தனக்குச் சொல்லும்படி நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மாதத்தில் 1,400 கிலோமீட்டர் ஓட்டினேன். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுத்ததில் சராசரி 11.4 வந்தது. நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் பெட்ரோல் முள் என்னைக் குதிக்க விடவில்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது கால் டேங்கில் நிற்கும் முள், சில நாள் காலையில் பார்த்தால் ஒரு விரல் அகலம் மேலே ஏறியிருக்கும். ஓடாத வண்டியில் பெட்ரோல் எப்படிக் கூடும்? போர்ட்டிகோ தரை சரிவா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், சரிவில்லை. டேங்குக்குள் இருந்து முள்ளை நகர்த்தும் மிதவையை மாற்றினேன், 11,500 ரூபாய். மாற்றிய நாலாம் நாள் முள் மறுபடி ஏறியிருந்தது. "பழைய வண்டின்னா அப்படித்தான் புள்ள, கண்டுக்காத" என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

எப்படிக் கண்டுக்காமல் இருப்பது? லேபில் ஒரு ரிசல்ட் விபரீதமாக வந்தால், மறுபடி ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அளக்கும் கருவி மேலேயே சந்தேகம் இருக்கும்போது 11.4 என்று சொல்லிக்கொண்டு வண்டியை வைத்துக்கொள்வது எனக்குக் கூசியது. ஒரே நாளில் நிரப்பி, ஓட்டி, அன்றே நிரப்பிப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அதில் வரும் எண்தான் கடைசி. பத்துக்குக் கீழே என்றால் திங்கட்கிழமை திருப்பூருக்குப் போன்.

இதைக் கேட்டதும் இவர் முகம் தொங்கிப்போனது. சராசரிதான் வந்துவிட்டதே, விடு என்றார். முட்டி வலி என்றார். கடைசியில் வருவதற்குச் சம்மதித்து, அஞ்சு லிட்டர் பெட்ரோல் கேன் ஒன்றைக் கொண்டுவந்து பின்னால் வைத்தார். வழியில் நின்றுவிட்டால் உதவுமாம். வெயிலில் பெட்ரோலை டிக்கியில் வைத்துக்கொண்டு போக எனக்குப் பைத்தியமா? இறக்கி வைக்கச் சொன்னேன். இறக்கினார், ஆனால் வாசலைத் தாண்டும்வரை அந்தக் கேனையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

காலை 6:00 மணிக்கு சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் டேங்கை நிரப்பினோம். பம்புக்காரர் வண்டியைக் குலுக்கி இன்னும் ரெண்டு லிட்டர் அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெட்ரோல் போடும் துப்பாக்கி தானாக நின்ற இடத்தில் நிறுத்துவதுதான் கணக்குக்குச் சரி. ஓடோமீட்டர் 88,412. கூரையைத் திறந்துவிட்டோம். தை மாதக் காலைக் காற்று காதை அறுத்தது, இவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, முழங்காலைத் தாடைக்கு மடக்கி உட்கார்ந்திருந்தார். சுங்கச்சாவடியில் இருந்த பெண் பிள்ளை வண்டியை முழுக்கப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவுங்க்கா குடுக்கும்?" இந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் அதைத்தான் கேட்பார்கள். பதினொன்றரை என்று சொல்லிப் பழகியிருந்தேன். அன்றைக்கு மட்டும் சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

6:45க்குச் சங்ககிரி, 38 கிலோமீட்டர். மலைக்கோட்டை அடிவாரத்தில் வரிசை வரிசையாக லாரிகள் நின்றன. அங்கே லாரிக்கு ஒயரிங் பார்க்கும் முத்து என்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். சீட்டுக்குப் பின்னால் இருந்த மூடியைத் திறந்து, மிதவைக்குப் போகும் ஒயரைக் கழற்றி, திருகினால் அளவு மாறும் தன் சோதனைக் கருவியை மாட்டினார். அவர் திருகத் திருக டேஷ்போர்டில் முள் காலியிலிருந்து கால், அரை, முக்கால், முழுசு என்று ஒழுங்காக ஏறி இறங்கியது. முக்கால் மணி நேர வேலை, 300 ரூபாய்.

"முள்ளு மேல ஒரு தப்பும் இல்லீங்க்கா. நிக்கற வண்டில அது தானா ஏறாதுங்க. பெட்ரோல் ஊத்துனாத்தான் ஏறும்" என்றார் முத்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோலைத் திருடுகிறவனைப் பார்த்திருக்கிறோம், விடியக்காலை வந்து ஊற்றிவிட்டுப் போகிறவனை எங்கே பார்த்திருக்கிறோம்? இவரும் சேர்ந்து சிரிப்பார் என்று திரும்பினேன். ஆள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தார்.

திருச்செங்கோடு 12 கிலோமீட்டர். இட்லி, பூரி, இரண்டு காப்பி, 170 ரூபாய். அங்கிருந்து ஜேடர்பாளையம் 33, நடுவில் ஒரு தடவை வழி தப்பியதையும் சேர்த்து. இந்தப் பாதையில் வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே வந்தேன், இருபத்தாறுக்கு மேல் எண்ணவில்லை. தாழ்ந்த வண்டியாக இருந்தால் ஒவ்வொன்றிலும் கோணலாக ஏற வேண்டும், இல்லையென்றால் அடிவயிறு உரசும். கரும்பும் வாழையும் தென்னையும் மாறி மாறி வந்தன. கரும்பாலை ஒன்றைத் தாண்டும்போது பாகு கொதிக்கும் வாசனை வண்டிக்குள் நிறைந்தது. கூரை இல்லாத வண்டிக்கு அது ஒரு லாபம்.

9:35க்கு அணைக்கட்டு. காவிரியில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. குளிக்கிறவர்களுக்குத் துணி மாற்ற இடம் சுமார்தான், சொல்லிவிடுகிறேன். கரையோரக் கடையில் சுடச்சுட மீன் வறுவல், இரண்டு தட்டு 240 ரூபாய். இவர் சாப்பிடவே இல்லை என்பதைக் கவனித்தேன். மீனைக் கண்டால் விடாத மனுஷர். நேரம் போகப் போக முள் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து இவர் வாடினார். 83 கிலோமீட்டர் ஓடியிருந்தோம், முள் முக்காலுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

11:15க்குக் கிளம்பி, பரமத்தி வேலூர் வழியாக 12:10க்கு நாமக்கல். கமலாலயக் குளத்தோரம் நிறுத்தினேன். மொத்தம் 115 கிலோமீட்டர். முள் முக்காலில் அச்சாக நின்றது. டேங்க் 57 லிட்டர், அதில் கால் பங்கு பதினாலே கால் லிட்டர். நோட்டை எடுத்து வகுத்தேன். எட்டு.

இன்னொரு தடவை வகுத்தேன், அதே எட்டு. "எட்டுதானுங்க வருது" என்று இவரிடம் சொன்னேன். கோட்டை மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். முட்டி வலி, கூரையும் திறந்திருக்கிறது, நான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார். அரை மணி நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நாமக்கல் கோட்டைக்கு உச்சி வெயிலில் ஏறாதீர்கள். முழுக்க ஒரே பாறை, பாதி ஏறுவதற்குள் தலை சுற்றியது. இருபது நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால், என் வண்டியின் பெட்ரோல் மூடி திறந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு மொபெட். லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர், இவருடைய வாடிக்கையாளர், புனலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுக்காரர் அவர் கொண்டுவந்த அஞ்சு லிட்டர் கேனைத் தூக்கிச் சாய்க்கப் போகிறார். கையும் களவுமாக என்பார்களே, அதுதான். என்னைப் பார்த்ததும் திருதிருவென்று முழித்தார். பட்டறைக்காரர், வண்டி நின்னு போச்சுன்னு அண்ணன் போன் பண்ணாருங்க என்று சொல்லிப் புனலை என் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. தினமும் அஞ்சரை மணிக்கு நான் நடக்கப் போகிறேன், ஆறேகாலுக்குத் திரும்புகிறேன். கடையில் கரன்ட் போனால் ஓட்ட ஜெனரேட்டர் இருக்கிறது, அதற்குப் பெட்ரோல் கேன் இருக்கிறது. எத்தனை கேன் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பத்து என்றார். ஐம்பது லிட்டர். என் 11.4 கணக்கில் அந்த ஐம்பது லிட்டரையும் சேர்த்துப் பார்த்தால் எட்டுதான் வரும். மூன்று மாதமும் அந்த முள் உண்மையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, நான்தான் 11,500 ரூபாய் கொடுத்து அதன் மிதவையைப் பிடுங்கிப் போட்டேன்.

கத்தியிருப்பேன். ஆனால் ஒன்று புரியவில்லை. "வாங்கினப்ப நீங்கதானே திட்டுனீங்க? வித்தா உங்களுக்கு நல்லதுதானுங்களே?"

இவர் கேனைக் கீழே வைத்தார். பட்டறைக்காரர் நாகரிகமாகக் குளத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"இருவது வருசமா ஞாயித்துக்கெழமைன்னா நீ லேப்புலதான் இருப்ப. இந்த வண்டி வந்ததுக்கப்புறந்தான் என்னைய ஏத்திக்கிட்டு வெளிய கெளம்பற. பத்துக்குக் கீழ வந்தா வித்துருவேன்னு பந்தில சொல்லிப்போட்ட. நீ சொன்னா செஞ்சுபோடுவ புள்ள. அதான் எனக்குப் பயம்."

எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கிலோமீட்டரையும் லிட்டரையும் புள்ளி வைத்து எழுதிக்கொண்டிருந்தவள், இந்த மனுஷர் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு தடவையும் எண்ணிப் பார்க்கவில்லை. மகன் ஹாஸ்டலுக்குப் போனபின் வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தனியாக இருந்திருக்கிறார், அதைச் சொல்லத் தெரியாமல் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்.

பெட்ரோலை அந்த மொபெட்டுக்கே ஊற்றி அனுப்பினோம். மீனுக்குப் பதிலாக நாமக்கல்லில் இவருக்கு முட்டைப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன், பிளேட் 110 ரூபாய். இரண்டு பிளேட் சாப்பிட்டார். சேலம் 52 கிலோமீட்டர், மாலை 3:20க்கு அதே பம்பில், அதே துப்பாக்கி நின்ற இடம் வரை நிரப்பினோம். 20.6 லிட்டர், 2,100 ரூபாய் சொச்சம். 167ஐ 20.6ஆல் வகுத்தால் 8.1.

இதே போல் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: மைலேஜ் பார்ப்பதாக இருந்தால் ஒரே நாளில் பாருங்கள், ஒரே பம்பில் நிரப்புங்கள், குலுக்கி அடிக்காதீர்கள். முள் கோளாறு என்று மிதவையை மாற்றுவதற்கு முன் 300 ரூபாய் செலவழித்து ஒயரைச் சோதியுங்கள். திருச்செங்கோட்டுக்கும் ஜேடர்பாளையத்துக்கும் நடுவில் அவசரப்படாதீர்கள். கோட்டைக்குக் காலை எட்டு மணிக்குள் ஏறுங்கள், மீனைப் பத்தரை மணிக்குள் சாப்பிடுங்கள். மூன்று லிட்டர் எஞ்சின் எட்டுதான் கொடுக்கும், எவன் பதினொன்று என்று சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொல்லியிருந்தாலும்.

சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரிசல்ட்டை நான் திருத்த மாட்டேன், நோட்டில் 8.1 என்றுதான் இருக்கிறது. ஆனால் பத்து என்ற அளவு பந்தியில் ரோஷத்தில் நான் வைத்தது, அதை மாற்றும் உரிமையும் எனக்கு உண்டு. ஏழு என்று மாற்றிவிட்டேன். நாத்தனாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை திருப்பூர்க்காரர் தானாகவே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன், இவர் பக்கத்தில் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன். மைலேஜ் அவ்வளவு நல்லா வந்துச்சுங்களா என்று கேட்டார். எட்டு புள்ளி ஒன்று என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க வச்சிருக்கறீங்க?" என்றார்.

"எங்கூட்டுக்காரருக்கு அது வேணுமாமுங்க" என்றேன். இவர் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.