வெள்ளிக்கிழமை அலறும் கருவி

“இன்ஜினியர் பின்னாடி வந்துண்டிருக்காரா?” என்று கேட்டார், மயிலாப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். மரியாதைக்காக நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. தோளில் ஏணி, கையில் கருவிப்பெட்டி, கழுத்தில் பொறியாளர் என்று அச்சடித்த அட்டை. ஓய்வுபெற்ற அதிகாரியான அவருக்கு அவ்வளவு சின்ன எழுத்து எங்கே தெரியப்போகிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். என் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் அம்மா தன் பெயரையே எழுதப் பழகினாள். அப்படிப் படித்து வாங்கிய வேலை, கூரையில் புகை உணரும் கருவி மாட்டுவது. புகை பட்டால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். நான் தனியாக முடித்த முதல் கட்டடம் இது. செயலாளர் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திட்டால் என் வேலை நிரந்தரம்.

கருவிகளை மாட்டி முடித்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மணி அடித்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் உட்பட எல்லோரும் கீழே ஓடி வந்தார்களாம். தீ மட்டும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. செயலாளர் என் மேற்பார்வையாளரை அழைத்து, பெண்ணை அனுப்பினால் இப்படித்தான் என்று தன் ஆராய்ச்சி முடிவைச் சொல்லிவிட்டார்.

“வயரிங்ல இன்னாவோ கீது,” என்றார் மேற்பார்வையாளர் என்னிடம். “இன்னும் ரெண்டு வெள்ளி பாப்பேன். அப்பவும் அடிச்சா வேற ஆள அனுப்பிடுவேன்.”

ஒவ்வொரு வயரையும் பிரித்துப் பார்த்தேன். குறை இல்லை. மணி அடிக்கச் சொன்னது மூன்றாம் தளத்தில் ஒரு வீட்டு வாசலுக்கு நேரே இருந்த கருவி. அந்த வீட்டுக் கதவைத் தட்டி, வீட்டில் புகை ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“எங்காத்துல யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது,” என்றார் கதவைத் திறந்த மாமி. நான் பீடிக்கட்டை நீட்டியதுபோலக் கதவு சாத்தப்பட்டது.

மூன்றாம் வெள்ளி பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து மூன்றாம் தளத்துப் படியில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்குக் கதவு திறந்தது. ஈரத் தலையில் துண்டும் கையில் தூபக்காலுமாக மாமி வந்தார். நிலைப்படிக்கு நேராக நின்று விசிறினார். சாம்பிராணி சுருள் சுருளாக எழும்பி நேரே என் கருவிக்குள் போயிற்று. மணி அடித்தது.

“பாரு, மறுபடியும் கெட்டுப்போயிடுத்து,” என்றார் மாமி, என்னைக் குற்றவாளியாகப் பார்த்து.

“மாமி, இந்தப் புகையாலதான் அடிக்குது.”

“இது எப்படிப் புகையாகும்? சாம்பிராணின்னா இது.”

சிரிக்க எனக்கும் உரிமை இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளிதோறும் அம்மா அதையேதான் போடுகிறாள். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டும் எனக்கு அது தோன்றவில்லை. டிப்ளமோவில் சாம்பிராணிக்குப் பாடம் கிடையாது. அந்தக் கட்டடத்தில் புகையைப் புகை என்று சொன்னது கூரையில் இருந்த அந்த வெள்ளை வட்டம் ஒன்றுதான்.

கருவியை வாசலிலிருந்து படிக்கட்டுப் பக்கம் தள்ளி மாட்டினேன். கம்பெனியில் பெரியவர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமே என்று செயலாளர் கீழே நின்று யோசனை சொன்னார். ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றேன். பிடித்தார்.

நான்காம் வெள்ளி மாமி வஞ்சகமில்லாமல் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டார். மணி வாய் திறக்கவில்லை. பிறகு நான் சோதனைப் புகையைக் கருவிக்கு நேராகக் காட்டினேன். அலறியது. செயலாளர் காதைப் பொத்திக்கொண்டே தலையாட்டினார். ஒப்படைப்புத் தாளில் அவர் கையெழுத்திட்டதும், பக்கத்தில் பொறியாளர் என்றிருந்த இடத்தில் நான் போட்டேன்.

வேலை நிரந்தரமானது. அடையாறில் அடுத்த கட்டடம். இந்த முறை கருவிகள் எங்கே வரவேண்டும் என்ற வரைபடத்தையே நான் போடட்டுமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே. அங்கே போய் ஒவ்வொரு தளத்தையும் அளந்து, வரைந்து, ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி, திங்கட்கிழமை காலை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.