சாலைக்குக் கீழே எங்கள் வீடு

ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக்குள் போக இரண்டு படி ஏற வேண்டும். இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். வீடு அப்படியேதான் இருக்கிறது. வாசலில் ஓடும் திருவையாற்றுச் சாலைதான், பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு உயர்ந்துவிட்டது.

போன வருடம் மறுபடியும் போட வந்தார்கள். அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரவிருந்த நேரம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வண்டி ரோட்டுக் குழியில எறங்கி எறங்கி ஏறுனா வயித்துப்புள்ள என்னத்துக்கு ஆவும்? நல்ல நேரத்துலதான் போடுறாங்க."

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். நேராகப் போய் சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"சுரண்டாம போட்டா மழத்தண்ணி பூரா எங்க வீட்டுக்குத்தானே சார் வரும்?"

அவர் காது குடைந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, ரோடு போட்டாலும் குத்தம், போடலன்னாலும் குத்தமா? ஒசரம் பத்தலன்னா வீட்டத் தூக்கிக் கட்டுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"நாலு எழுத்து படிச்ச புள்ள சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பதிலுக்கு ஒரு கூடை தார் ஜல்லி கிடைத்தது. நிலைவாசலில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன் மேல் ஜல்லியை அப்பித் தடுப்பு கட்டினார். சாலை உயரும்போதெல்லாம் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள வராது."

"கக்கூஸ் வழியா வந்தா?"

"மொதல்ல வாயக் கழுவு."

ஐப்பசி மழையில் அது கக்கூஸ் வழியாகத்தான் வந்தது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விடிந்து பார்த்தால் வீடு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். என்னென்ன மிதந்தது என்று எழுத எனக்குக் கூச்சமில்லை: மலம், யாரோ போட்ட பான்பராக் உறை, செத்த கரப்பான்கள். அதற்கு நடுவில் கட்டிலின் மேல் அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மழை விட்டது. படிக்கும் நிலைவாசலுக்கும் நடுவே பள்ளத்தில் நின்ற தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் வடிந்துவிட்டது. உள்ளே இருந்தது மட்டும் நகரவில்லை. அப்பாவின் தடுப்பு அதைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது. அம்மா குடத்தால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் அக்காவின் மாமியார் வந்து இறங்கினார்.

"வாங்க சம்பந்தி" என்று அம்மா கீழேயிருந்து அண்ணாந்து கூப்பிட்டாள். கையில் அந்தக் குடம்.

மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். படி இறங்கவில்லை. "புள்ளயத் தூக்கிக்கிட்டு மேல வாம்மா" என்றார் அக்காவிடம்.

"மூணு மாசமாவது தாய்வீட்டுல இருக்கணுமே சம்பந்தி. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து இந்தத் தண்ணியில படுக்கப்போவுது? நீங்களே சொல்லுங்க, இதுல பச்சப்புள்ளய வுட்டுட்டுப் போவ எனக்கு மனசு வருமா?"

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்து, தடுப்பைத் தாண்டி மேலே ஏறினாள். அவள் பாதங்களைத் தன் பாட்டில் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் மாமியார் ஆட்டோவில் ஏற்றினார்.

நான் கடப்பாரையை எடுத்துத் தடுப்பை இடித்தேன். அப்பா தடுக்கவில்லை. கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறி வாய்க்காலுக்கு ஓடியது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. படியேறிச் சாலை ஓரத்தில் போய் நின்றாள். ஆட்டோ ஒரு குலுக்கல்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.