லினக்ஸை அழித்த பிறகு

என் கணவர் ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது, வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்று இன்னொன்றையும் ஏற்றினார். கிடைத்ததே ஒரு மாதம். அதில் ஒரு வாரத்தை அதற்குத் தாரை வார்த்தார். டீ கொண்டுபோய் வைத்தால் திரையைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். வீட்டுக்குள் சக்களத்தி வந்ததுபோல் எனக்கு எரிச்சல்.

ஊருக்குப் போனவர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது எங்கள் திருத்துறைப்பூண்டி வீட்டில் மாமியார் வைத்த சட்டம். அவர் கிளம்பிய மறுநாள் போன் வந்ததும் துடைப்பத்தை எடுத்தேன். அறை அறையாகப் பெருக்கி, அவர் சட்டைகளை மடித்து பீரோவில் வைத்து, அதே வேகத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து லினக்ஸ் இருந்த பகுதியையும் அழித்தேன். இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவரே இல்லாத வீட்டில் அது மட்டும் எதற்கு என்ற கோபம்தான்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்து அவர் கம்ப்யூட்டர் கேமராவில் வருவார். மாமி நாற்காலியில், நாத்தனார்கள் சுற்றிலும், நான் கதவோரம். முகத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். போனும் கைமாறி என்னிடம் வரும்போது "சரி, வச்சிடவா" என்பார். அவரோடு தனியாகப் பத்து நிமிஷம் பேச வேண்டும். அந்த நாட்களில் அல்லாவிடம் நான் கேட்ட துஆ அது ஒன்றுதான்.

அழித்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. அப்படியொரு பகுதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. விண்டோஸும் வரவில்லை. "என்னத்த நோண்டுனே?" என்று மாமி திட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லோரும் பகல் தூக்கத்துக்குப் போய்விட்டார்கள். காத்துப் பார்த்த அவர் வீட்டுச் செல்லுக்குக் கூப்பிட்டார். எடுக்க நான் மட்டும்தான் விழித்திருந்தேன்.

"லினக்ஸை அழிச்சிட்டியா?"

"ஆமாங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "ஆன் பண்ணுனதும் விண்டோஸைக் கூப்பிட்டு விடுறதே அதுதான். அது போயிட்டா இதுக்கு வழி தெரியாது. பரவால்ல, விண்டோஸ் சிடியைப் போடு. நான் சொல்லச் சொல்ல அடி."

நீலத் திரை வந்தது. வந்ததையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்தேன். சிடி சுழன்ற இடைவெளிகளில் பேச்சு எங்கெங்கோ போனது. ரூமில் ஏழு பேர், ஒருவருக்கும் உப்புப் போடத் தெரியவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிளம்புறப்ப நீ வாசலுக்கே வரலையே?" என்றார்.

"வந்தா அழுதுருப்பேன்."

சிடி சுழன்று நின்றது.

கடைசியாக, விண்டோஸுக்கு வழி திறக்க 'ஃபிக்ஸ் எம்பிஆர்' என்று அடிக்கச் சொன்னார். ஏதோ எச்சரிக்கை வந்தது. "பயப்படாத, ஒய் போடு." போட்டேன். சிடியை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தேன். விண்டோஸ் பளிச்சென்று வந்தது. அதன் இசை எழும்பும் முன் ஸ்பீக்கரை அணைத்தேன்.

"வந்திருச்சா?"

"இன்னும் வரலங்க," என்றேன். "மொதல்லேர்ந்து சொல்லுங்க."