வாயை மூடிப் பேசும் வெள்ளைக்காரி

என் அக்காள் பாண்டிச்செல்வியின் கணவர் பிச்சைமணி, கப்பலில் துருத் தட்டுகிறவர். பழுது பார்க்க வரும் கப்பலின் பக்கவாட்டில் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு, இரும்பில் பொருக்குப் பிடித்த துருவைச் சுத்தியலாலும் காற்றழுத்த யந்திரத்தாலும் பெயர்த்தெடுக்கிற வேலை. சிப்பிங் என்பார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அதில் ஏறினார். இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கொச்சியில் மட்டாஞ்சேரியிலிருந்து காலையில் வெலிங்டன் தீவுக்குப் போனால், சாயங்காலம் மூக்குத் துளையில் செம்பொடியோடு திரும்புவார்.

அந்த யந்திரச் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அதனால் சிப்பிங் ஆட்கள் குரல் இல்லாமல் வாயசைத்தே பேசிக்கொள்வார்கள். சாயா வந்துவிட்டது, மேலதிகாரி வருகிறான், இவன் பெண்டாட்டி ஓடிவிட்டாள், எல்லாம் வாயசைப்புத்தான். அத்தான் அதை வீட்டிலும் செய்வார். வாடகை கேட்க வரும் வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் அவரைத் திட்டுவார். நானும் அக்காளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்போம்.

சென்ற வருடம் தீவில் உள்ள ஒரு ஏஜென்சி, கடலில் போகும் கப்பலிலேயே தங்கித் துருத் தட்டிச் சாயம் அடிக்கும் குழுவுக்கு ஆள் எடுத்தது. ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். இலக்கணம், வாசிப்பு, கேட்டல் என்று மூன்று பகுதி. எல்லாவற்றிலும் கேள்விக்கு நாலு பதில் கொடுத்திருப்பார்கள், சரியானதைத் தொட வேண்டும். மூன்றிலும் தேறினால்தான் அடுத்த கட்டம்.

"இத்தனை வருசமா கப்பலோட தோலை மட்டுந்தான் சொறிஞ்சிருக்கேன். ஒரு தடவையாவது வயித்துக்குள்ள போய் உக்காரணும்" என்றார் அத்தான்.

இரண்டு குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை கிடைக்காத பட்டம். அதனால் பாடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அன்று முதல் அத்தான் என்னை டீச்சரே என்றுதான் கூப்பிட்டார்.

இலக்கணத்தை அவர் துரு மாதிரியே தட்டினார். ஓர் இடத்தைப் பிடித்தால் வெள்ளை இரும்பு தெரிகிறவரை விடமாட்டார். தமிழ் எழுதத் தெரியாது. மலையாளத்தில் எழுதி எழுதிப் படித்தார். "மூணு பொய், ஒரு நெசம். பரவால்ல டீச்சரே, எங்க யார்டுல நாலும் பொய்யா இருக்கும்" என்பார்.

கேட்டல் பகுதிக்குக் கைப்பேசியில் பயிற்சி ஒலிப்பதிவுகள் இருந்தன. இயர்போனை ஒரே ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தார்.

"அந்த வெள்ளைக்காரி வாயை மூடிக்கிட்டுப் பேசுறா. நீ படி. நீ படிச்சா தெளிவா இருக்கு."

புத்தகத்தின் கடைசியில் ஒலிப்பதிவின் வாசகங்கள் அச்சிட்டிருந்தன. அதை நான் உரக்கப் படிப்பேன். அவர் எனக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். பத்துக்கு எட்டு சரியாக வரும். எனக்குப் பெருமையாக இருந்தது. என் உச்சரிப்பு நல்ல உச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் மழையில் கரண்ட் போனது. கைப்பேசி வெளிச்சத்தைப் புத்தகத்தின் மேல் பிடித்துக்கொண்டு படித்தேன். கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் தப்பான பதில்.

"இருட்டுல இங்கிலீஷ் ஏறாது டீச்சரே" என்றார்.

நான் சிரித்தேன். அக்காள் சிரிக்கவில்லை. கப்பைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தவள் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

தேர்வு வைட்டிலா பக்கத்தில் ஒரு கணினி மையத்தில் நடந்தது. அத்தானோடு அஜீஷும் போனான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன், வாய்த்துடுக்கு அதிகம். இலக்கணத்தையும் வாசிப்பையும் அத்தான் எல்லோருக்கும் முன்னால் முடித்தாராம். பிறகு ஹெட்ஃபோனை மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். திரையில் ஒரு முகம் வரும் என்று அவர் காத்திருந்திருக்கிறார். வந்தது ஒலிபெருக்கியின் படம் மட்டும். கையைத் தூக்கியிருக்கிறார். அங்கிருந்த பெண் வந்து சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி தூக்கினார். மறுபடி கூட்டினாள். பக்கத்து இருக்கைக்காரன், "சேட்டா, உங்க ஹெட்ஃபோன் சத்தத்துல எனக்கு என் கேள்வி கேக்கல" என்றானாம். அதற்குப் பிறகு அத்தான் கையைத் தூக்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் இரண்டாவது பதிலைத் தொட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இலக்கணத்தில் அந்தக் குழுவிலேயே அதிக மதிப்பெண் அவருக்கு. கேட்டலில் அவருக்குக் கீழே யாரும் இல்லை. அஜீஷ் தேறிவிட்டான்.

முடிவை வாங்கப் போன இடத்தில், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டிருக்கிறாள்: "சேட்டா, காதுல ஏதாவது பிரச்சனை உண்டா?" அத்தான் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டாம் முறை கேட்டாள். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அஜீஷ் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தான்.

மறுநாள் மத்தியானம் யார்டில் எடுத்த வீடியோ, சுற்றிச் சுற்றி அக்காள் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. அத்தான் ஓர் இரும்புத் தூணின் அருகே உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருக்கிறார். அஜீஷ் பின்னாலிருந்து கூப்பிடுகிறான்.

"பிச்சைமணி சேட்டா, தீப்பிடிச்சிருச்சு, ஓடுங்க!"

முட்டையில் ஒட்டிய தோலை நகத்தால் எடுக்கிறார்.

"சேட்டா, பாண்டிச்செல்வி சேச்சி எங்கூட வர்றேங்குது. கூட்டிட்டுப் போகட்டா? வேண்டாம்னா இப்பவே சொல்லிரணும், கேட்டோ!"

எதிரே உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அத்தானும் சிரிக்கிறார். என்ன என்பது போலப் புருவத்தைத் தூக்குகிறார். சிரிப்பு இன்னும் பெரிதாகிறது.

அவர்களில் அதிகமாகச் சிரித்தவர் வீரபாண்டி அண்ணாச்சி. அத்தானுக்குத் தொழில் பழக்கியவர். கேமரா நகர்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் போகிறது.

"அண்ணாச்சி! உங்க முண்டு அவுந்துருச்சு!"

அண்ணாச்சி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்துச் சிரித்தபடியே இருக்கிறார். திரும்பவில்லை. எதிரே இருந்தவர்களின் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஒருவன் தன் தோளுக்குப் பின்னால் வேகமாகத் திரும்பிப் பார்க்கிறான். வீடியோ அதோடு முடிகிறது. அதற்குப் பிறகு அங்கே எல்லோரும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்களாம்.

இரண்டு நாளில் அத்தானைப் பலகையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

நானும் அக்காளும் சூப்பர்வைசர் சேவியரைப் பார்க்கப் போனோம். யார்டு வாசல் சாயாக்கடையில் நின்றுகொண்டிருந்தார். ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"பெங்ஙளே, இங்க எல்லாருக்கும் காது போயாச்சு. எனக்கும் பாதி போச்சு. பக்ஷே ரிசல்ட் பேப்பர்ல வந்தது இவன் காது மட்டுந்தான். ஏஜென்சிக்காரன் ஃபோன் போட்டு, செவிடனையா அனுப்பினேன்னு என்னைக் கேக்குறான். மேல உள்ள சாருக்கும் தெரிஞ்சு போச்சு. மேலேயிருந்து இரும்பு விழுது, விலகுன்னு கத்துறாங்க, இவன் விலகல, செத்தான். ஆரு பதில் சொல்றது?"

"இத்தனை வருசம் சாகலியே அண்ணா" என்றாள் அக்காள்.

"இத்தனை வருசம் இவன் பரீட்சை எழுதலியே."

பிறகு குரல் தணிந்தது. "டாக்டர்கிட்ட காது சரின்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லு. அன்னைக்கே ஏத்துறேன். நான் என்ன, மனுசன் இல்லியா?"

வரும் வழியில் கொச்சங்காடி கிடங்குகளுக்கு நடுவே, சுமைவண்டிகளுக்கு ஒதுங்கி நின்றபோது அக்காளிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? லைட்டை அணைச்சா மனுசன் பேச்சை நிறுத்திருவாரு. நாடியைப் பிடிச்சு மூஞ்சியைத் திருப்பித்தானே நான் எதையும் சொல்றேன்?"

அது கொஞ்சல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்ல? சொல்லியிருந்தா அன்னைக்கே இறக்கியிருப்பான்." கொஞ்ச தூரம் நடந்தபின், என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நீ தினமும் மூஞ்சிக்கு நேரா உக்காந்து படிச்சுக் குடுத்தவ. டிகிரி முடிச்சவ. உனக்குத் தெரியலயா?"

அந்தக் கேள்விக்கு நாலு பதில் கொடுத்திருந்தாலும் எதைத் தொடுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் டாக்டரிடம் போவதாக முடிவு. பயிற்சிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். வழக்கமான இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்காரவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"டாக்டரும் பின்னால நின்னுதான் கேப்பாராம். படி டீச்சரே. சத்தமாவே படி."

படித்தேன். துறைமுகத்தில் ஒரு மாலுமி வழி கேட்கும் பகுதி. புத்தகத்தில் முதலாவது, அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த பகுதி.

"ஏ" என்றார். சரி. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த பகுதியைப் படித்தேன். "சி" என்றார். தப்பு. அடுத்ததும் தப்பு. குரலை உயர்த்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்ததும் தப்பு.

"எப்படிப் போகுது?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார்.

"நல்லாப் போகுது அத்தான்" என்றேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அடுக்களை வாசலில் அக்காள் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அத்தான் தலையைச் சற்றே சாய்த்து, கவனமாகக் கேட்கிறவர் போல, ஒரு கேள்வியைப் படித்து முடிக்கிற நேரம் காத்திருந்தார்.

"பி" என்றார்.