மென்யா ஏறிய ஏணி

ஜிஞ்ஜாவில் பலிக்கோவாவின் வெல்டிங் பட்டறை எங்கே என்று கேட்டால் யாருக்கும் உடனே தெரியாது. "படிவெட்டி பட்டறையா? மீன் சந்தைக்குப் பின்னால போங்க" என்பார்கள். முப்பது வருடமாக இந்த ஊருக்குக் கதவும் ஜன்னல் கம்பியும் ஏணியும் செய்து கொடுத்தவனுக்குக் கிடைத்த பெயர் அது. வைத்தவன் மென்யா, சொந்தத் தங்கையின் புருஷன். அவன் செத்து இரண்டு வருடம் ஆகிறது. பெயர் சாகவில்லை. அந்தக் கோபம் பலிக்கோவாவுக்கு இன்னும் ஆறவில்லை.

மென்யா குழாய் வேலைக்காரன். கடைத்தெருவில் மொட்டைமாடிமேல் எத்தனை தண்ணீர்த் தொட்டி உண்டோ அத்தனைக்கும் அவன்தான் வைத்தியன். தொட்டியைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சேறு என்று சொல்லிவிடுவான். மேலே ஏறினால் சர்ச் பாட்டை எடுத்துவிடுவான். குரல் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல இருக்கும். ஆனாலும் தெருவில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டால் குழாயில் தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம். மத்தியானச் சாப்பாடும் மேலேதான், இரண்டு சப்பாத்தியும் வேகவைத்த அவரைப் பயறும். இறங்கி வந்து சாப்பிட்டால் திரும்ப ஏறுவதற்குள் மறுபடியும் பசித்துவிடும் என்பான்.

முன்பக்கம் நீலக் கண்ணாடி ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. கீழே கடைகள், உச்சியில் ஒரு மருத்துவமனை. பின்சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்பு ஏணி. பலிக்கோவா செய்ததுதான். ஒரு மழைக்காலத்தில் அந்த ஏணி வழியாகத் திருடர்கள் ஏறி, நான்கு தொட்டிகளின் பித்தளைக் குழாய்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டித் தண்ணீர் முழுக்க மருத்துவமனைக்குள் இறங்கியது. கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட நைகாகா அம்மாள் பலிக்கோவாவைக் கூப்பிட்டு, திருடன் கைக்கு எட்டாதபடி கீழ் ஐந்து படிகளையும் வெட்டிவிடச் சொன்னாள். அரை மணி நேர வேலை. வெட்டிவிட்டு வந்தான். மென்யா எப்படி ஏறுவான் என்று அந்த அம்மாளும் கேட்கவில்லை, இவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

மென்யா வந்து பார்த்தான். பின்னாலிருந்த சாராயக் கடையில் மூன்று காலி பீர் கிரேட் பெட்டிகள் வாங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதில் நின்று முதல் படியைப் பிடித்தான். மற்ற கட்டட முதலாளிகளுக்குப் படி வெட்டும் இந்த யோசனை ரொம்பப் பிடித்துப் போயிற்று. அந்த ஒரு வருடத்தில் இன்னும் ஆறு கட்டடங்களில் பலிக்கோவா படி வெட்டினான். ஒவ்வொரு காவலாளியின் பக்கத்திலும் மூன்று கிரேட் வந்து உட்கார்ந்தது. திருடனுக்கும் கிரேட் அடுக்கத் தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வருடம், ஏப்ரல் மழையில், மென்யா இறங்கும்போது காலால் கிரேட்டைத் தேடினான். ஈரத்தில் அது நழுவிவிட்டது. சாக்கடை ஓரக் கல்லில் விழுந்து இடுப்பெலும்பு போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பலிக்கோவா சோளக்கஞ்சி எடுத்துக்கொண்டு போனான். வார்டு நிறைய ஆள்.

"வாங்க படிவெட்டி, உக்காருங்க," என்றான் மென்யா.

பக்கத்துக் கட்டில்காரன்கூடச் சிரித்தான். பலிக்கோவா உட்காரவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டான். ஒன்றாக உட்காரும் பன்றிக்கறிக் கடையில் அதற்குப்பின் இருவரும் வேறு வேறு பெஞ்சு.

நான்கு மாதம் கழித்து மென்யா நொண்டிக்கொண்டே திரும்பவும் ஏறத் தொடங்கினான், அதே கிரேட்மேல். பலிக்கோவாவின் தங்கை முதேசி பட்டறைக்கு வந்து நின்றாள். அவர் வீடு திரும்புகிறவரைக்கும் ஒரு வாய் உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது என்றாள். "நீ வெட்டுனத நீயே ஒட்டிக் குடுண்ணா."

அவன் நைகாகா அம்மாளிடம் போனான். திருடனுக்கு யார் பொறுப்பு என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். இதைக் கேள்விப்பட்ட மென்யா மறுநாள் ஏணியடியில் ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான். தண்ணீர் வரவில்லை என்று கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், "ஏணி கீழ எறங்கி வரட்டும், நான் மேல போறேன்," என்றான். இரண்டு நாள் எல்லோரும் சமாளித்தார்கள். மூன்றாம் நாள் கழிப்பறைகள் நாறின. மருத்துவமனை நர்ஸ் காலி வாளியைக் கொண்டுபோய் நைகாகா அம்மாளின் மேஜைமேல் வைத்தாள். திருடனும் ஏறக்கூடாது, மென்யாவும் விழக்கூடாது, ஏதாவது செய் என்று பலிக்கோவாவுக்குப் போன் வந்தது.

அவன் ஐந்து படிகளையும் திரும்பப் பற்றவைத்தான். அதன்மேல் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு தகடு, கதவுபோலக் கீல் வைத்து, பூட்டோடு. திறந்தால் ஏணி, பூட்டினால் வெறும் தகடு. மென்யா வந்து ஆடு வாங்குகிறவன்போலத் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு ஏறினான். மேலேயிருந்து குரல் வந்தது:

"ஏறுறதெல்லாம் சரிதான். மேல வந்து கால் மாத்துறப்ப எதப் புடிக்கிறது, ஒன் மீசையவா?"

ஏணி செய்வானே தவிர, அதில் ஏறுவது பலிக்கோவாவின் வேலையில்லை. மாட்டுவதற்கு வேறு ஆட்கள் உண்டு. அன்றைக்குத்தான் ஏறினான். ஏணி கைப்பிடிச் சுவரோடு சரியாக முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பிடிக்க ஒன்றுமில்லை. ஏணியை விட்டுவிட்டு, வயிற்றைச் சுவரில் போட்டுப் பல்லிபோல உள்ளே நகர வேண்டும். இத்தனை வருடமும் மென்யா இப்படித்தான் நகர்ந்திருக்கிறான். பலிக்கோவா இறங்கினான். மறுநாள் இரண்டு பக்கக் குழாய்களையும் சுவருக்கு மேல் மார்பளவு நீட்டி, வளைத்து மாடியில் ஊன்றினான். ஆள் உள்ளே போனதும் தானாகச் சாத்திக்கொள்ளும் குறுக்குக் கம்பி ஒன்றும் வைத்தான். சாவியை நைகாகா அம்மாள் தன் மேஜைக்குள் வைக்கப் போனாள். அப்படியானால் திரும்பவும் கிரேட்தான் வரும், காவலாளியிடம் இருக்கட்டும் என்று மென்யா தடுத்துவிட்டான்.

அதற்குப்பின் நான்கு வருடம் அவன் அதில் ஏறி இறங்கினான். ஒரு கீறல் இல்லை. கடைசியில் சர்க்கரை வியாதி வந்து, கால் வீங்கி, கட்டிலில் கிடந்துதான் போனான். ஏணியில் போகவில்லை. அதில் பலிக்கோவாவுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. யாரிடமும் சொன்னதில்லை. மென்யா படுத்திருந்த நாட்களில் தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவான். பலிக்கோவா மன்னிப்பும் கேட்கவில்லை, மென்யா அந்தப் பெயரை மாற்றவும் இல்லை.

ஒரு மத்தியானம் முதேசி கஞ்சி காய்ச்ச உள்ளே போனதும் மென்யா கையசைத்துக் கிட்டே கூப்பிட்டான். பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறான் என்று பலிக்கோவா குனிந்தான்.

"கண்ணாடிக் கட்டடம் போக இன்னும் ஆறு இருக்கு, நீ வெட்டுனது."

"தெரியும்."

"எவனும் ஒன்னக் கூப்பிடமாட்டான் மச்சான். நீயாத்தான் போவணும். பேக்கரிக் கட்டடத்த மொதல்ல பண்ணு. அங்க இப்ப தொட்டி கழுவுறது ஒரு பொண்ணு, ககோயா. குட்டையான பொண்ணு. கிரேட்டு மேல நின்னும் எட்டாம, குதிச்சுத்தான் புடிக்கிறா."